சேறு கொடுத்த ஆள்

இழுத்து வெளியே போட்ட பிறகும் கெத்தின் நடுங்கவில்லை. அவன் மனைவி மெலேரிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

பதினான்கு வருஷமாக மலைப் பண்ணைகளுக்கு வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் நர்ஸ் அவள். குளிரில் விறைத்துப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். ஆட்டைத் தேடிப் போய் ஓடையில் விழுந்த கிழவர்கள், குடித்துவிட்டு வேலியோரம் தூங்கிப்போன வாலிபர்கள். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பல் தந்தியடிக்கும், கை உதறும், பேச்சு குழறும். உடம்பு உயிருக்காகச் சண்டை போடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கெத்தினின் உடம்பு எதனோடும் சண்டை போடவில்லை. தலையிலிருந்து கறுப்புச் சேறு வழிய, சதுப்பின் ஓரத்தில் ஒரு புல்மேட்டில் உட்கார்ந்து, கொட்டுகிற மழையில் கண்ணைக்கூடச் சுருக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் கெத், உயிரோடதான் இருக்கியா?" எம்லின் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கெத்தினுக்கு அரை டவுசர் காலத்திலிருந்தே கூட்டாளி. "ஏதாவது திட்டுடா. அப்பதான் நம்புவேன்."

கெத்தின் அவன் பக்கம் திரும்பினான். கிணற்றில் போட்ட கல் அடியைத் தொடுவதற்கு ஆகிற அளவு ஒரு தாமதம்.

"இருக்கேன்," என்றான்.

"திட்டலையே! பெட்சன், ஆள் காலி. மூளைக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு."

"யோவ் வாத்தியாரே, வாயை மூடிட்டு அந்த ஜாக்கெட்டைக் கழட்டிக் கொடு," என்றாள் எம்லினின் மனைவி பெட்சன். சிரிக்கத்தான் பார்த்தாள். குரல் பாதியில் உடைந்தது.

ஒவ்வொரு அக்டோபரிலும் இந்த நாலு பேரும் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரையாதரிலிருந்து கிளம்பி, மலை தாண்டி மறுநாள் ட்ரெகாரனில் இறங்குவார்கள். நடுவில் ஒரு ராத்திரி ப்ளைன் கோர்ஸ் என்ற ஆளில்லாத மலைக் குடிலில். மழை பெய்யாத வருஷம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் இந்த வருஷம் மழையோடு மூடுபனியும் இறங்கியிருந்தது. காலையிலிருந்து செயினுக்குள் சேறு மணலாய் அரைத்தது. பிரேக் கட்டைகள் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசி ஊளையிட்டன. நனைந்த ஆட்டு ரோமத்தின் வாடையும் அழுகிய பெரணியின் வாடையும் தொண்டைக்குள் படிந்து, குடித்த தேநீரிலும் கடித்த திராட்சை ரொட்டியிலும் கூடவே வந்தன.

இதுதான் தனக்குக் கடைசிப் பயணம் என்று மெலேரி முடிவு செய்திருந்தாள். அபரிஸ்ட்வித்தில் கடலைப் பார்த்தபடி ஒரு மாடி அறை பேசிவைத்திருந்தாள். ஒன்றாம் தேதி குடிபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கெத்தினிடம் சொல்லிவிடுவது. யாருக்கும் தெரியாது. பெட்சனிடம்கூட மூச்சு விடவில்லை.

கெத்தின் கெட்டவன் இல்லை. கை நீட்டியதில்லை. சம்பாதித்ததை வீட்டில்தான் கொடுப்பான். ஆனால் அந்த நாக்கு. வயிற்றிலிருந்த பிள்ளை ஏழாம் மாதம் தங்காமல் போன அந்த வசந்தத்திலிருந்து, எட்டு வருஷமாக, அந்த நாக்கு ஒரு நாள் அறுக்கும், மூன்று நாள் ஊமையாய்க் கிடக்கும். அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் அது ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்றைக்கும் அப்படித்தான். மூன்றாவது வேலிக்கதவைத் திறந்து எல்லோரும் கடக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். அவளுடைய பிரேக் சிக்கிக்கொண்டபோது சேற்றில் மண்டியிட்டு, விறைத்த விரலால் சரிசெய்து கொடுத்தவனும் அவன்தான். சரிசெய்துகொண்டே சொன்னான்: "பதினோரு வருஷமா ஓட்டற. ஒரு கம்பியை இறுக்கத் தெரியல. உன் கைக்கு எதுதான் தங்கும்?"

எதைச் சொல்கிறான் என்று அவனுக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்பது அவளுக்கு விளங்கவில்லை. "எனக்காக நீ நிக்க வேண்டாம்," என்றாள். "போ."

"போறேன்," என்று பாதையை விட்டு இறங்கி, குறுக்கே மேட்டைப் பார்த்து மிதித்தான். மூடுபனி அவனை முதுகிலிருந்து விழுங்கியது.

பத்து நிமிஷம் கழித்துத்தான் கத்தல் கேட்டது.

கண்டுபிடித்தபோது மார்புவரை இறங்கியிருந்தான். சைக்கிளின் கைப்பிடி மட்டும் மாட்டுக்கொம்பு மாதிரி சேற்றுக்கு மேலே தெரிந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது. மூட்டை கட்டும் பட்டைகளை ஒன்றோடொன்று முடிந்து வீசினார்கள். அவன் அதைக் கக்கத்துக்குள் சுற்றிக்கொண்டான். மூன்று பேரும் குப்புறப் படுத்து இழுத்தார்கள். ஒரு தடவை பட்டை நழுவியது. தலை உள்ளே போனது. சேறு வாயை மூடுவதுபோல மூடிக்கொண்டது. சுற்றிலும் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை, மழை விழும் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. அந்த நேரத்தில் மெலேரியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்து லேசானது. ஒரு மூச்சு நேரம்தான். சாகும்வரை யாரிடமும் சொல்லமுடியாத ஒரு மூச்சு.

அப்புறம் பட்டை தானாகவே விறைத்தது. கீழேயிருந்து யாரோ பிடித்ததுபோல. இழுத்தார்கள். வந்துவிட்டான்.

குடிலுக்கு இரண்டு மைல் நடை. சைக்கிள் மூன்றையும் தள்ளிக்கொண்டு மூன்று பேர், நடுவில் கெத்தின். சேறு ஒவ்வொருவர் காலையும் உறிஞ்சி உறிஞ்சி விட்டது. எருமை தண்ணீர் குடிக்கிற மாதிரி சத்தம். மெலேரி தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டபடி நடந்தாள். எம்லினின் கால். பெட்சனின் கால். தன் கால். வெகுதூரம் நடந்த பிறகுதான் கவனித்தாள், நாலாவது ஆளின் கால்கள் சேற்றுக்குள் போவதும் வருவதும் சத்தமே இல்லாமல் நடந்தன.

பாதி வழியில் எம்லின் அவள் பக்கமாகச் சைக்கிளை நெருக்கினான். குரலைத் தாழ்த்தினான். "மெலேரி, இழுக்கும்போது கவனிச்சியா? நூறு கிலோ ஆள். கடைசியில பஞ்சு மூட்டை மாதிரி வந்தான்."

"சேறு பிடியை விட்டா அப்படித்தான் வரும்."

"ம்," என்றான் எம்லின். அதற்குப் பிறகு குடில்வரை அவன் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை.

ஒரே அறை. கல்சுவர், தகரக் கூரை, படுக்க ஒரு பலகைமேடை, மூலையில் இரும்பு அடுப்பு, ஒரு சின்ன ஜன்னல், பலகைக் கதவு. கதவின் உள்பக்கம் தடித்த தாழ்ப்பாள். அடியில் நாலு விரல் நுழைகிற இடைவெளி, அதன் வழியாகக் காற்று தரையோடு ஊர்ந்து வரும். பெட்சன் விறகை அடுக்கி நெருப்பு மூட்டினாள். எம்லின் ஓடையில் தண்ணீர் பிடித்துவந்து சூப் வைத்தான். மெலேரி கெத்தினின் ஈரத்துணியை உரித்து, துண்டால் அழுத்தித் துடைத்து, தன் மூட்டையிலிருந்த காய்ந்த கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டு, அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தாள். குழந்தை மாதிரிக் கையைத் தூக்கினான், தலையைக் குனிந்தான். சொன்னதையெல்லாம் கேட்டான். கெத்தின் கேட்கிற ஆளில்லை.

மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. குளிரில் அப்படித்தான் இருக்கும். கழுத்தில் விரலை வைத்தாள். கிடைத்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நூறுக்கு மேல். விறைத்தவனுக்கு இப்படி ஓடாதே என்று யோசிக்கும்போதே தன் காதுக்குள் தன் இதயம் இடிப்பதும் கேட்டது. இரண்டும் ஒன்றாக இடித்தன. கண்ணை மூடினாள். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விட்டாள். காதுக்குள் இடிப்பது தணிந்தது. விரலுக்கு அடியிலும் தணிந்தது. அவள் ஒரு கணம் மூச்சைப் பிடித்து நிறுத்தினாள்.

விரலுக்கு அடியிலும் அது காத்திருந்தது.

கையை எடுத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கான்?" என்றாள் பெட்சன்.

"தெரியல."

அரைமணி ஆனது. மற்ற மூவரின் துணிகளிலிருந்தும் ஆவி கிளம்பி அறை வண்ணான் துறைபோல வெதுவெதுப்பாக நாறியது. கெத்தின் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தான். காய்ந்த கம்பளிச் சட்டை கறுத்துக் கனத்துத் தொங்கியது. முழங்கையிலிருந்து ஒரு சொட்டு, தாடையிலிருந்து ஒரு சொட்டு, தலைமயிரிலிருந்து நிற்காமல். தரையின் கற்களுக்கு நடுவே தண்ணீர் பழுப்பாக ஓடித் தேங்கி, அடுப்பின் காலைத் தொட்டுச் சீறியது. பெட்சன் துணி போட்டுத் துடைத்தாள். பிழிந்தாள். மறுபடி துடைத்தாள். மூன்றாம் தடவை பிழியும்போது அவள் கை நின்றுவிட்டது.

"இவ்வளவு தண்ணி எங்கேருந்து வருது?" என்று முணுமுணுத்தாள்.

கெத்தின் முன்னால் வைத்த சூப் ஏடு கட்டியிருந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. மெலேரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விறகெடுக்கப் போனால் அங்கே, மூட்டையைத் துழாவினால் இங்கே. கண்ணில் கோபமோ குத்தலோ இல்லை. எட்டு வருஷத்தில் அவள் மறந்தேபோன ஒரு பார்வை அது. புது மாப்பிள்ளைப் பார்வை. அதுதான் அவள் முதுகைச் சில்லிட வைத்தது.

"இவனைக் காலைவரைக்கும் இப்படி வெச்சிருக்க முடியாது," என்றாள் எழுந்து. "மீட்புக்காரங்களைக் கூப்பிடணும்."

"சிக்னல் மேட்டு உச்சியிலதான் கிடைக்கும்," என்றான் எம்லின். "ஏற முக்கா மணி. இந்தப் பனியில ஒத்தையா போறது புத்திசாலித்தனம் இல்ல."

"ரெண்டு பேரும் போங்க. நர்ஸ் நான்தானே. நான் இருக்கேன்."

பெட்சன் அவளைக் கதவோரம் இழுத்தாள். "நிஜமா இருந்துடுவியாடி? நான் வேணா இருக்கவா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் மெலேரிக்குப் புரிந்தது. தங்குவதாகச் சொல்லிக்கொண்டே, வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல்லிக் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அவன் என் புருஷன்," என்றாள் மெலேரி. "போயிட்டு வாங்க."

இரண்டு டார்ச் வெளிச்சமும் சரிவில் ஏறின. பத்தடி போனதும் மங்கின. இருபதடியில் இல்லை. மணி ஐந்தரைதான், ஆனால் பகல் போய்விட்டிருந்தது. காற்று கதவை இழுத்து இழுத்து அடித்ததால் அவள் தாழ்ப்பாள் போட்டாள்.

விறகு வெடித்தது. தகரத்தில் மழை. சொட்டு. சொட்டு.

"அந்த வீட்டுக்குப் போக வேண்டாம்," என்றான் கெத்தின்.

அவள் திரும்பவில்லை. "எந்த வீட்டுக்கு?"

"கடல் தெரியற வீடு. அந்த ஜன்னல் திறக்காது. அங்க உனக்குத் தூக்கம் வராது."

கையிலிருந்த விறகை அவள் மெதுவாகக் கீழே வைத்தாள். அந்த அறையை அவள் போன வாரம் புதன்கிழமை தனியாகப் போய்ப் பார்த்தாள். ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை.

"உனக்கு யார் சொன்னா?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் காருக்குள்ளயே உட்கார்ந்திருந்தேன்," என்றான். "நாலு மணி நேரம். உள்ள வந்திருக்கணும். உன் கையைப் பிடிச்சிருக்கணும். குழந்தையை ஒரு தடவை தூக்கிப் பாத்திருக்கணும். பயந்துட்டேன். அதுக்கப்புறம் பேசினதெல்லாம் அந்தப் பயம்தான்."

அவன் குரல்தான். ஆனால் ஈரமான மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல மெத்தென்று வந்தது. மெலேரி அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை ராத்திரி இந்த வார்த்தைகளைத் தானே அவனுக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்! ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் இப்படியேதான். பயத்துக்கு நடுவிலேயே கண்ணீர் வந்தது. நிறுத்த முடியவில்லை. குளிர்ந்த கை ஒன்று அவள் கைமேல் வந்து படிந்தது. எடுத்துவிடத்தான் நினைத்தாள்.

"கரியாத்," என்றான் அவன். காதலித்த நாட்களில், என் கண்ணே என்பதற்கு அவன் சொன்ன வார்த்தை.

எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. விறகு கனலாகி விழுந்தது. காற்று ஒரு மூச்சு அடங்கியபோது வெளியே ஏதோ கேட்டது. ஆடாக இருக்கும் என்று நினைத்தாள். சேற்றில் கால் புதைந்து, பிடுங்கி, புதைந்து. நிற்கும். மறுபடி புதையும். நாலு கால் இல்லை. இரண்டு.

கதவில் ஒரு அடி விழுந்தது.

"எம்லின்?"

"மெல்!"

அவளை அப்படிக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

"மெல்! கதவைத் திற, சனியனே! காது செத்துப்போச்சா?"

வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன. உடம்பு மொத்தமும் கதவில் சாய்ந்து உதறியதில் தாழ்ப்பாள் தன் கொண்டிக்குள் கிடுகிடுத்தது.

மெலேரி எழுந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை.

"பட்டை நழுவிடுச்சு," என்றது வெளியே இருந்த குரல். "அடியில போயிட்டேன். கோரைப் புல்லு கையில சிக்குச்சு. அந்தப் பக்கமா எழுந்தேன். கத்தினேன். பனிக்குள்ள நிழலாத் தெரிஞ்சீங்க, மூணு பேரும் யாரையோ இழுத்துட்டு இருந்தீங்க. நான் கத்தறேன், நீங்க அவனுக்கு ஜாக்கெட் போட்டு விடறீங்க. கூட்டிட்டுப் போறீங்க. மெல், யாரைக் கூட்டிட்டுப் போனீங்க? யாரது உள்ள?"

அவள் கதவருகே போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். இரும்பு உள்ளங்கையைச் சுட்டது, அவ்வளவு குளிர்.

"நீ திறக்கணும்னா திற," என்றது பின்னாலிருந்து மெத்தென்ற குரல். "அவன் உள்ள வருவான். நான் போயிடுவேன். அவ்வளவுதான்."

மிரட்டல் இல்லை. கெஞ்சலும் இல்லை. வழிகேட்டவனுக்கு வழிசொல்வதுபோல.

சேற்றில் கிடக்கிற ஏதோ ஒன்று கெத்தினின் குரலில் பேசுகிறது, அது வெளியே இருக்கிறது, திறக்கக் கூடாது. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என் கையால் இழுத்தவன் உள்ளே இருக்கிறான். மீண்டும் சொல்லிக்கொண்டாள். வெளியே பற்கள் கடகடத்தன. பதினான்கு வருஷ நர்ஸ். அந்தச் சத்தம் எதன் சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது.

"என்னடி பண்ற உள்ள? ஒரு கதவைத் திறக்க இவ்வளவு நேரமா? என்னிக்காவது ஒரு காரியத்தை..." குரல் இருமலில் அறுந்தது. இருமி முடித்ததும் அதில் கோபம் இல்லை. "மெல். விளையாடாத. கால் மரத்துப்போச்சு."

ஒரு மூச்சு, என்று நினைத்தாள் அவள். ஒரே ஒரு மூச்சு. அப்புறம் திறந்துவிடுகிறேன்.

மூச்சு வந்தது. போனது.

இன்னொன்று.

முகத்துக்கு நேராக விழுந்துகொண்டிருந்த அடி இடுப்புக்கு நேராக விழுந்தது. அப்புறம் முழங்காலுக்கு. அடிகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. அப்புறம் அடி இல்லை, உரசல். நனைந்த துணி பலகையோடு கீழே இறங்கும் உரசல்.

அடியிலிருந்த இடைவெளியில் விரல்கள் நுழைந்தன. நாலு விரல். நகம் பெயர்ந்து, சேறு அப்பி. கல்தரையைத் தடவித் தடவித் தேடின.

மெலேரி மண்டியிட்டாள். தொட்டாள். விரல்கள் அவள் விரல்களைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டன. ஐஸ் மாதிரி இருந்தன. ஆனால் அந்தக் குளிருக்கு அடியில், எலும்போடு ஒட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

"மெல்? நீயா?"

"நான்தான்."

"பக்கத்துலதான் இருக்கியா?"

"ஆமா."

"அப்ப ஏன் திறக்கல?" என்றான் கெத்தின். திட்டு இல்லை. குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான்.

அவளிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. அவள் வலது கை அவன் விரல்களுக்குள் இருந்தது. இடது கை சும்மாதான் இருந்தது. தாழ்ப்பாள் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில். தூக்கினால் எட்டும். தூக்கவில்லை. ஒரு மூச்சு. இன்னொன்று. விரல்களின் உதறல் விட்டு விட்டு வந்தது. அப்புறம் வரவில்லை. உதறல் நின்றால் எத்தனை நிமிஷம் என்று அவளுக்குத் தெரியும். எண்ணவில்லை. பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக. கடைசியில் அவள்தான் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் சொட்டுச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மெலேரி!" சரிவின் மேலேயிருந்து எம்லினின் குரல், சந்தோஷமாக. "கிடைச்சுடுச்சு! ஆளுங்க கிளம்பிட்டாங்க! ஹெலிகாப்டர் வராதாம், நடந்தே வர்றாங்க!"

டார்ச் வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் நழுவி ஓடியது. இரண்டு ஜோடிக் கால்கள் சேற்றில் தடதடவென்று இறங்கின. நின்றன.

"வாத்தியாரே," என்றாள் பெட்சன். "அது என்ன, வாசல்ல?"

"மெலேரி... இங்க யாரோ விழுந்து கிடக்கான்! மெலேரி! கதவைத் திற!"

அப்போதுதான் அவள் எழுந்தாள். இடது கையைத் தூக்கினாள். தாழ்ப்பாள் ஒரு சத்தமும் போடாமல் நழுவி வந்தது.

கதவு உள்பக்கமாகத் திறந்தது. மழை. அதற்குள் இரண்டு வெளிச்சம். வாசற்கல்லில் குப்புறக் கிடந்த மனிதனின் நீட்டிய கை, கதவு விலகிய இடத்தில், அவள் காலடியில் கிடந்தது. தலைமுதல் கால்வரை கறுப்புச் சேறு. யாரென்று யாராலும் சொல்லமுடியாது. எம்லின் அவன் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தான்.

"யாருய்யா நீ, ஐயோ பாவமே, எங்கேருந்து வந்த..." பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் பேசிக்கொண்டே, தோளின் அடியில் கையைக் கொடுத்து ஆளைத் தன் பக்கம் புரட்டினான். தன் சட்டைக் கையால் முகத்துச் சேற்றை வழித்துவிட்டான். டார்ச்சை அருகே கொண்டுபோனான்.

பேச்சு நின்றது.

பெட்சனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை.

எம்லின் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு டார்ச் வெளிச்சம் அதை விட்டு மெதுவாகக் கிளம்பியது. மெலேரியின் பாதத்தில் ஏறியது. முழங்காலில். சேறு படிந்த அவள் வலது கையில் கொஞ்சம் தங்கியது. அவள் முகத்துக்கு வந்தது. அங்கேயும் நிற்காமல், அவள் இடது தோளுக்கு மேலாகப் பின்னால் போய், அங்கே அசையாமல் நின்றுவிட்டது.

அவள் தோளில் ஒரு கை வந்து படிந்தது. காய்ந்த கை. வெதுவெதுப்பான கை.

"கதவைச் சாத்து, கரியாத்," என்றான் அவன். "குளிர் உள்ள வருது."